குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்: ஆண்கள் எப்போது ஒதுங்கினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசக்டமியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது" என்று பதில் வரும். பல தலைமுறைகளாக இப்படித்தான் என்று சொல்பவரும் நினைக்கிறார், கேட்பவரும் நம்புகிறார். ஆனால் இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருக்கும் ஆண்களின் இளமைக் காலத்தில் நிலைமை நேர் எதிராக இருந்தது. ஒரு நாட்டின் ஆண்கள் பத்தே ஆண்டுக்குள் எப்படித் தலைகீழாக மாறினார்கள், அந்தச் சுமை எப்படி முழுசாகப் பெண் வயிற்றில் போய் இறங்கியது என்பதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வாசக்டமி என்றால் என்ன செய்கிறார்கள்?

விதையில் உருவாகும் விந்தணு வெளியே வருவது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக. விதைப்பையின் மேல் பகுதியில், தோலுக்கு அடியிலேயே, அவை கைக்குத் தட்டுப்படும். அந்த இடத்தை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, சின்னத் துளை வழியாகக் குழாயை வெளியே இழுத்து, சிறு துண்டை வெட்டியெடுத்து, முனைகளைக் கட்டி உள்ளே விட்டுவிடுவார்கள். 10 முதல் 20 நிமிட வேலை. இப்போது நடப்பது சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய முறை. கத்தியால் கீறுவதில்லை, தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

விதையில் கை வைப்பதே இல்லை. ஆண் ஹார்மோன் இந்தக் குழாய் வழியாகப் போவதும் இல்லை. அது நேராக ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாம் முன்பு போலவேதான். விந்து வெளியேறுவதும் நிற்காது, ஏனென்றால் அந்தத் திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகக் கொஞ்சம்.

ஒரு காலத்தில் ஆண்கள் வரிசையில் நின்று செய்துகொண்டார்கள் என்பது நிஜமா?

நிஜம்தான். 1952இல் உலகத்திலேயே முதன்முதலாக அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய நாடு இந்தியா. அதில் ஆண்களுக்கான அறுவையை முன்னால் நிறுத்தியது அன்றைய சென்னை மாகாணம். 1950களின் பிற்பகுதியிலேயே அறுவை செய்துகொண்டவருக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இங்கே வந்துவிட்டது. ஆள் கூட்டி வந்தவருக்கும் தனியாகக் கூலி உண்டு. அப்படிக் கூட்டி வந்தவர்களில் பலர் ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஆண்கள். "நான் பண்ணிக்கிட்டேன், எனக்கு என்ன ஆச்சு? பாத்துக்க" என்று அவர்களால் சொல்ல முடிந்தது. சுவரொட்டியைவிட இந்த ஒரு வாக்கியம் நன்றாக வேலை செய்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நாடு முழுவதற்குமான கணக்கைப் பாருங்கள். 1967-68இல் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகள் சுமார் 18 லட்சம். அதில் 16 லட்சத்துக்கும் மேல் ஆண்களுக்கு. பத்தில் ஒன்பது பேர் ஆண்கள்!

உச்சம் கேரளத்தில் நடந்தது. எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியராக இருந்த எஸ். கிருஷ்ணகுமார் 1970 கடைசியில் ஒரு முகாம் நடத்தினார். சுமார் 15 ஆயிரம் பேர் வந்தார்கள். 1971 ஜூலையில் மறுபடியும் நடத்தினார். அந்த ஒரே மாதத்தில் சுமார் 63 ஆயிரம் அறுவைகள், கிட்டத்தட்ட எல்லாமே ஆண்களுக்கு. ஒரு திருவிழா மாதிரி நடந்தது என்று அப்போது எழுதினார்கள். வந்தவர்களுக்குப் பணமும் அன்பளிப்பும் கிடைத்தன. ஆம்பளைத்தனம் போய்விடும் என்ற பயம் ஆதிகாலம் தொட்டு நம் ரத்தத்தில் ஊறியது என்றால், இந்த 63 ஆயிரம் பேரை எந்தக் கணக்கில் எழுதுவது?

பணத்துக்காகத்தானே போனார்கள்?

பெரும்பாலோர் ஏழைகள், பணம் முக்கியக் காரணம்தான். பஞ்ச காலத்திலும் வேலை இல்லாத மாதங்களிலும் எண்ணிக்கை ஏறியது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. இப்படிப் பணத்தைக் காட்டி ஏழையின் உடம்பில் கை வைப்பது நியாயமா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் நிற்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வாரக் கூலிக்காக ஒருவன் தன் ஆண்மையை விற்கத் துணிவான் என்று நம்புவது கஷ்டம். அந்த அறுவை ஆண்மையோடு முடிச்சுப் போடப்படாத ஒன்றாக அவனுக்குத் தோன்றியிருந்தால்தான் அந்தப் பணம் அவனை இழுத்திருக்கும். "குடும்பம் பெருத்தால் சோறு போடுவது நான்தான், ஆகவே முடிவும் என்னுடையது" என்பதும் ஓர் ஆண்பிள்ளை நினைப்புதானே. அன்றைக்கு அந்த நினைப்பு அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. இன்றைக்கு அதே மாதிரி நினைப்பு அவனை வீட்டில் உட்கார வைக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று?

எமர்ஜென்சி வந்தது. 1975 ஜூன் 25இல் அறிவிக்கப்பட்டு 1977 மார்ச் வரை நீடித்தது. 1976 ஏப்ரலில் தேசிய மக்கள்தொகைக் கொள்கை வெளியானது. மாநிலங்களுக்கு இலக்கு, மாவட்டங்களுக்கு இலக்கு, கடைசியில் பள்ளி ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் இலக்கு. இத்தனை ஆளைக் கொண்டு வந்தால்தான் சம்பளம், சான்றிதழ் இருந்தால்தான் ரேஷன், உரிமம், கடன் என்று வட மாநிலங்களில் நிலைமை முற்றியது. 1976 நவம்பரில் ஹரியாணாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து, நூற்றுக்கணக்கான ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்களில் பலருக்கு அறுவை செய்யப்பட்டது.

1976-77 என்ற அந்த ஒரே ஆண்டில் நடந்தவை சுமார் 82 லட்சம் அறுவைகள். அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பின்னால் விசாரித்த ஷா கமிஷனிடம் வந்த கணக்குப்படி, அறுவையோடு தொடர்புள்ள மரணங்கள் மட்டும் 1,774.

1977 மார்ச் தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. கருத்தடை அறுவையைக் குறிக்கும் 'நஸ்பந்தி' என்ற இந்திச் சொல் அங்கே இன்றைக்கும் வசைச் சொல் மாதிரிதான். புதிய அரசு கட்டாயத்தை நிறுத்தியது, துறையின் பெயரையும் குடும்ப நலம் என்று மாற்றியது. மறு ஆண்டுக் கணக்கில் மொத்த அறுவைகளே 10 லட்சத்துக்குக் கீழே இறங்கின, ஆண்கள் 2 லட்சம்கூட இல்லை.

அரசியல்வாதிகள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதாக இருந்திருந்தால் நல்லது. அவர்கள் கற்றுக்கொண்டது, ஆண்களைத் தொடாதே என்பது. இலக்குகள் 1990களின் நடுப்பகுதி வரை அப்படியே தொடர்ந்தன. ஆள் மட்டும் மாறினார்கள். பெண்கள் அந்த வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கோபப்பட்டு ஆட்சியைக் கவிழ்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் அவ்வளவு கெடுபிடி இல்லையே. இங்கே ஏன் ஆண்கள் நின்றுபோனார்கள்?

நல்ல கேள்வி. 1977 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகளை வென்றது அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிதான். வடக்கில் இருந்த ஆத்திரம் இங்கே இல்லை. இருந்தும் ஆண்கள் எண்ணிக்கை இங்கேயும் சரிந்தது. ஆகவே எமர்ஜென்சியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஒரு காரணம், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது. 60களில் டீக்கடையில், வேலைத்தளத்தில் ஆணோடு ஆண் பேசினான். பிறகு திட்டம் முழுக்கக் கிராம சுகாதார செவிலியர் கைக்குப் போனது. நர்சம்மா வீட்டுக்கு வருவார், திண்ணையில் உட்கார்ந்து கர்ப்பிணியிடமும் மாமியாரிடமும் பேசுவார். ஆண் அந்த நேரம் வேலையில் இருப்பான். இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவான். அவனிடம் இதைப் பேச அரசாங்கம் அனுப்பும் ஆள் என்று யாரும் இல்லாமல் போனார்கள்.

இன்னொரு காரணம், பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. இது தமிழ்நாட்டின் பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். அதில் 44.9 சதவீதம் சிசேரியன்.

இப்போது அந்த வார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பிரசவத்துக்கு வந்த பெண், வலி விட்டுவிட்டு வருகிறது. கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே நர்ஸ் கேட்கிறார்: "ரெண்டாவதுதானே? சேர்த்தே பண்ணிடலாமா?" அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா தலையாட்டுகிறார். கணவன் வெளியே, பிளாஸ்கும் வயர் கூடையுமாக நிற்கிறான். காகிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் உள்ளே கூப்பிடுகிறார்கள். சிசேரியன் என்றால் வயிறு எப்படியும் திறந்திருக்கிறது, இன்னும் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. "உங்க வீட்டுக்காரர் பண்ணிக்கலாமே" என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

சட்டப்படி அந்தக் கையெழுத்தே தேவையில்லை. கருத்தடை அறுவைக்குக் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை என்று மத்திய அரசின் விதிமுறையே சொல்கிறது. நடைமுறையில் கணவனிடம் வாங்காத ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இந்த ஏற்பாடு ஒரு தலைமுறை ஓடியது. அம்மாவுக்குப் பண்ணினார்கள், அக்காவுக்குப் பண்ணினார்கள், ஆகவே அது "பொம்பளைங்க பண்ணிக்கிறது" ஆகிவிட்டது. பழக்கம் முதலில் வந்தது, "நம்ம கலாச்சாரம்" என்ற பெயர் பிறகு வந்தது.

ஆம்பளைத்தனம் போய்விடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது?

விந்தைச் சேமிக்க வேண்டும் என்ற நினைப்பு பழையது. "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்ற வாக்கு இன்றும் நாவில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கு 1967இலும் இருந்தது, அப்போது ஆண்கள் போகாமல் இல்லை.

எமர்ஜென்சிக்குப் பிறகு அந்த நினைப்புக்குத் தீனி போட்டவர்கள் பலர். அவசர அவசரமாக நடந்த முகாம்களில் சீழ் பிடித்து, வீங்கி, மாதக் கணக்கில் அவதிப்பட்டவர்கள் உண்மையாகவே இருந்தார்கள். மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி வந்தாலும், ஐம்பது வயதில் இயல்பாகத் தளர்ச்சி வந்தாலும், பழி அந்த ஆபரேஷன் மேல் விழுந்தது. இன்னொரு பக்கம், ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு' பார்க்கும் வைத்தியர்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆரம்பித்த அந்த விளம்பரம் இரவு நேரத் தொலைக்காட்சிக்கு வந்து, இப்போது கைப்பேசியில் ஓடுகிறது. ஆணின் பயம் பெரிய வியாபாரம். பயம் தீர்ந்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு கூத்து நடத்தியது. 2008இல் மத்தியப் பிரதேசத்தின் சிவ்புரி மாவட்டத்தில், வாசக்டமி செய்துகொள்ளும் ஆணுக்குத் துப்பாக்கி உரிமம் சீக்கிரம் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் துப்பாக்கிதான் ஆம்பளைக்கு அழகு. ஒன்று போகிறது என்ற பயத்துக்கு இன்னொன்றைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள்! பலர் முன்வந்தார்கள் என்றுதான் செய்தி. ஆனால் "ஆமாம், உன் ஆண்மை கொஞ்சம் குறையும்தான்" என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகவில்லையா?

பெண்களே "அவருக்கு வேண்டாம், எனக்கே பண்ணிடுங்க" என்கிறார்களே?

சொல்கிறார்கள். அறியாமை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அவர்கள் சொல்லும் காரணங்களில் கணக்கு இருக்கிறது.

"அவர் உழைக்கணும்" என்பது முதல் காரணம். வீட்டுக்கு வரும் கூலி அவருடையது, அது ஒரு வாரம் நின்றாலும் தாங்காது என்ற பயம். அவள் செய்யும் வேலைக்குக் கூலி இல்லாததால் அது நின்றால் நஷ்டம் கணக்கில் வராது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த வேலையில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடம், அதுவும் நான்கில் ஓர் ஆண்தான் கை வைக்கிறார். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலையைப் போட்டுவிட்டு எப்படிப் படுப்பது என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. ஆபரேஷன் ஆன வாரத்திலேயே குடம் தூக்கிய பெண்களை எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு காரணத்தைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அவர் செய்துகொண்டு, அதன் பிறகு இவளுக்குக் கரு நின்றுவிட்டால்? ஆபரேஷன் தவறியிருக்கலாம் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். பழி நேராக அவள் மேல் வரும். தன் வயிற்றில் செய்துகொண்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை: முன்பு சொன்ன ஐந்தாவது ஆய்வில், கருத்தடை பயன்படுத்தும் பெண் தடம் மாறிப்போகலாம் என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் சுமார் 20 சதவீதம்.

மூன்றாவதாக, மாமியார்கள். "நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் புள்ளைக்கு இன்னொரு கல்யாணம் பண்ண வேண்டாமா?" என்று மருமகள் காதுபடவே கேட்ட குடும்பங்கள் உண்டு. மகனுக்கு ஒன்று ஆனால் மருமகள் மறுமணம் செய்ய வேண்டியிருக்குமே என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

அறுவைக்குப் பிறகும் கரு நிற்குமா?

நிற்கலாம், ஆனால் அபூர்வம். பெரும்பாலும் அவசரத்தால் வருவது. குழாயை வெட்டிய பிறகும் மேல் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேற நாள் ஆகும். அதனால்தான் மூன்று மாதம் ஆணுறையோ வேறு வழியோ பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதன் பிறகு விந்தைப் பரிசோதித்து, விந்தணு இல்லை என்று உறுதியான பிறகு கரு நிற்கும் வாய்ப்பு சுமார் 2,000இல் ஒன்று. வெட்டிய முனைகள் தானாகவே சேர்ந்துகொள்வதும் உண்டு. ஆகவே சந்தேகப்படுவதற்கு முன்பு ஓர் ஆண் செய்ய வேண்டியது, ஒரு டப்பாவில் மாதிரி கொடுத்துப் பரிசோதிப்பது.

பெண்ணுக்கான அறுவைதான் எளிது என்கிறார்களே?

பிரசவத்தோடு சேர்த்துச் செய்தால் ஆஸ்பத்திரிக்கு எளிது. உடம்புக்கு எது எளிது என்று கேட்டால் ஆணுக்கானதுதான். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளை போட்டோ உள்ளே போக வேண்டும். மயக்க மருந்து வேண்டும், உள் உறுப்புகளில் காயம்படும் அபாயம் உண்டு. ஆணுக்குத் தோலுக்கு அடியில்தான் வேலை.

2014 நவம்பர் 8இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த ஒரு முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அதில் 13 பேர் இறந்துபோனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இப்படி முகாம் போட்டுக் கருத்தடை செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. ஆண்கள் பட்ட கொடுமை ஓர் ஆட்சியை வீழ்த்தியது. பிலாஸ்பூரின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இதை ஆண்–பெண் பிரச்சினையாக யாராவது முன்பே பேசியிருக்கிறார்களா?

பேசியிருக்கிறார்கள், அதுவும் சுதந்திரத்துக்கு முன்பே. 1920களின் கடைசியில் சென்னையில் படித்த, வசதியான ஆண்கள் சேர்ந்து ஜனத்தொகை பெருகினால் சோறு போதாது என்று எச்சரித்த ஆங்கில அறிஞர் மால்தூஸின் வழியில் ஒரு கழகம் நடத்தினார்கள். அவர்கள் கவலை ஜனத்தொகை, வறுமை, தாயின் உடல்நலம். காந்தியோ கருத்தடைச் சாதனங்களை ஏற்கவே இல்லை. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து பேசிய, அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கரிடமும் அவர் வலியுறுத்தியது புலனடக்கத்தைத்தான்.

பெரியார் இரண்டு பக்கமும் சேரவில்லை. மற்றவர்கள் நாட்டுக்காகவும் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று 1930களின் தொடக்கத்தில் எழுதினார். அதே வரிசைக் கட்டுரைகளில், ஆண்மை என்ற கருத்தே அழியாமல் பெண் விடுதலை இல்லை என்றும் போட்டார். தமிழில் இதைவிடக் காரமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பின்னால் வந்த அரசுத் திட்டம் எடுத்துக்கொண்டது அந்த மால்தூஸ் கழகத்தாரின் வாதத்தை. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகத்தில் எண்ணிக்கை இருக்கிறது, யார் உடம்பில் என்ற பேச்சு இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

ஐ.நா.வின் 2015 கணக்கில் கனடாவிலும் பிரிட்டனிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தம்பதி ஆணின் அறுவையை நம்பியிருந்தார்கள். அது மேல்நாட்டுப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் பக்கத்திலேயே இருக்கும் பூட்டானில் பத்தில் ஒரு தம்பதிக்கு மேல். தென்கொரியாவில் ரிசர்வ் படைப் பயிற்சிக்கு வரும் ஆண்களுக்குப் பயிற்சி இடத்திலேயே இந்த வசதி செய்து, அறுவை செய்துகொண்டால் மீதிப் பயிற்சிக்கு விலக்கு என்று அரசாங்கம் ஆசை காட்டியது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பண்ணிக்கொண்டார்கள். சிவ்புரிக்கு நேர் எதிர்!

இப்போது இங்கே ஏதாவது மாறுகிறதா?

எண்ணிக்கையில் பார்த்தால் இல்லை. ஐந்தாவது ஆய்வில் இந்திய அளவில் தம்பதிகளிடையே பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் 0.3 சதவீதம். கருத்தடை பெண்கள் விஷயம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் 35 சதவீதம். அப்படியானால் மீதி 65 சதவீதம் பேர்? வாயளவில் பொறுப்பை ஏற்கிறார்கள், ஆபரேஷன் டேபிள் வரை வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கென்று இரு வார விழா நடக்கிறது. மாவட்ட ஆட்சியர் கொடியசைத்து விழிப்புணர்வு வாகனத்தை அனுப்பும் படம் பத்திரிகையில் வரும், அதோடு சரி. பழைய மிரட்டலும் முழுசாகப் போகவில்லை. 2020 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில், ஓர் ஆணையாவது கொண்டுவராத ஆண் சுகாதாரப் பணியாளருக்குச் சம்பளம் கிடையாது என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள்.

தனி ஆட்களாகப் பார்த்தால் வேறு மாதிரி. என் மைத்துனர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு, "உனக்கு ரெண்டு சிசேரியன் போதும், இதை நான் பாத்துக்கறேன்" என்று அரசு மருத்துவமனைக்குப் போய்ச் செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை அறுவை, அடுத்த வாரம் வண்டி எடுத்துவிட்டார். மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை அது 'குடலிறக்க ஆபரேஷன்'. ஸ்டாண்டில் இருக்கும் நண்பர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். செய்ததில் அவருக்கு வெட்கம் இல்லை. கேலிக்குப் பதில் சொல்ல நேரமில்லை என்கிறார். எனக்கோ அவர் ஸ்டாண்டில் நாலு பேரிடம் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஆசை. சொல்ல வேண்டும் என்று வற்புறுத்த நான் யார்?

ஆண்களுக்கு ஊசி மருந்து வருகிறதாமே?

இந்திய விஞ்ஞானி சுஜய் குஹா 1970களிலேயே தொடங்கிய ஆராய்ச்சி அது. விந்துக்குழாய்க்குள் ஒரு பொருளைச் செலுத்தி, அணுக்களைச் செயலிழக்க வைப்பது. 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் நல்ல முடிவுகள் 2023இல் வெளியாயின. ஒரு சோதனை முடிய இத்தனை பத்தாண்டு ஆனதற்கு நிதி, அனுமதி என்று பல காரணங்கள். ஆண்களிடமிருந்து "எங்களுக்கு வேண்டும்" என்ற குரல் பெரிதாக எழாததும் ஒன்று என்பேன்.

செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

அரசு விதிப்படி திருமணமான, 60 வயதுக்கு உட்பட்ட ஆண் செய்துகொள்ளலாம். ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம், அதோடு ஊக்கத்தொகையும் உண்டு. இதை நிரந்தரம் என்றே நினைத்து முடிவெடுங்கள். மறுபடியும் இணைக்கும் நுண் அறுவை இருக்கிறது, ஆனால் வருடம் ஏற ஏற வெற்றி வாய்ப்பு குறையும். பால்வினை நோயிலிருந்து இது காப்பாற்றாது, அதற்கு ஆணுறைதான்.

முதல் இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருப்பது, சைக்கிள் மிதிக்காமல் இருப்பது. லேசான வீக்கமும் வலியும் சகஜம். காய்ச்சல், சீழ், பெரிய வீக்கம் வந்தால் உடனே போய்க் காட்டுங்கள். சிலருக்கு விதையில் வலி மாதக் கணக்கில் நீடிக்கலாம், அதையும் டாக்டரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போக மறக்காதீர்கள். தேதியை மனைவியின் தலையில் கட்டாமல், உங்கள் போனிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.